திரளி முன்னுக்கு, அறக்குளா பின்னுக்கு

நான்கு தடவை எறிந்தாள் கஜானி. நான்கு தடவையும் பந்து நோர்வேக்காரியின் கைக்குத்தான் போனது. ஒரு தடவை போனால் காற்றென்று சொல்லலாம். இரண்டு தடவை போனால் கெட்ட காலமென்று சொல்லலாம். நான்கு தடவையும் போனால் யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேலே யோசிக்க ஒன்றுமில்லை என்று கஜானி முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டுவதில் அவள் எப்போதும் கெட்டிக்காரி. அச்சுவேலியில் அவளுடைய தகப்பன் தம்பிஐயாவும் அப்படித்தான். தோட்டத்தில் நாலு வெங்காயம் அழுகினால் பக்கத்துக் காணிக்காரன் என்னவோ செய்துபோட்டான் என்று அன்றைக்கே வேலியை உயர்த்துகிற மனிதர் அவர்.

அது ஒரு சர்வதேசப் பெண்கள் றக்பிப் போட்டியின் முதற்சுற்று. கொழும்பில் ஒரு பிரிவு, யாழ்ப்பாணத்தில் ஒரு பிரிவு என்று பிரித்து, யாழ்ப்பாணப் பிரிவில் வடக்கு அணி, நேபாளம், நோர்வே என்று மூன்று அணிகளைப் போட்டிருந்தார்கள். பத்துப் பத்துப் பேர் ஆடுகிற ஆட்டம். சனியும் ஞாயிறுமாக ஒவ்வொரு அணியும் மற்ற இரண்டோடும் இரண்டு தரம் மோத வேண்டும். முதலாவதாக வருகிற அணி அடுத்த கிழமை கொழும்பில் இறுதி ஆட்டத்துக்குப் போகும்.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருந்தது. நாட்டின் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட அணிக்கு ஆள் எடுக்கிற தெரிவாளர்கள் மூன்று பேர் கொழும்பிலிருந்து வந்து கொட்டகைக்குள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெயர் வாசிப்பார்கள். பெயர் வர வேண்டுமென்றால் நான்கு ஆட்டத்தில் மூன்று ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். அந்த விதியைத் தன் அணிக்கு உரத்து வாசித்துக் காட்டியவளே அணித்தலைவி கஜானிதான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிறகு அவள் சொல்ல முடியாது.

இனி அந்த எறிதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். றக்பியில் பந்து கோட்டுக்கு வெளியே போனால், இரண்டு அணியும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசையாக நிற்கும். எறிபவள் நடுவால் நேராக எறிவாள். பிடிப்பவளை இரண்டு பேர் தொடையில் பிடித்து மேலே தூக்குவார்கள். வரிசையின் முன்னுக்குப் போகுதா, நடுவுக்கா, பின்னுக்கா என்பது எறிகிற அணிக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு சங்கேதச் சொல்லைக் கத்துவார்கள். எறிபவள் கஜானி. பிடிப்பவள் ஜெனிஸ்.

ஜெனிஸ் குருநகர்ப் பெண். நெடுத்த உருவம், நீண்ட கை, எறிந்த பந்தைக் கொக்கி போட்டதுபோல் பிடிப்பாள். தகப்பன் சூசைதாசன் வள்ளம் வைத்திருந்தார். அணியில் மற்ற எல்லாரும் அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி என்று தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கடற்கரையிலிருந்து வந்தவள் இவள் ஒருத்திதான். தை மாதம் வந்தால் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது. போன முறை தெரிவாளர்கள் வந்தபோது கணுக்கால் பிசகிக் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே இருந்தாள். ஆகவே இந்தச் சனி ஞாயிறை விட்டால் அவளுக்கு வேறு சனி ஞாயிறு இல்லை.

சங்கேதச் சொற்களைக் கொடுத்ததும் அவள்தான். எல்லாம் மீன். கரையோரப் பரவைக்கடலில் பிடிபடுகிற திரளி, ஒரா என்று கத்தினால் பந்து முன்னுக்கு. அதற்கப்பால் கடலடிப் பாறைப் பாரில் மேய்கிற விளைமீன், கலவாய் என்றால் நடுவுக்கு. ஆழ்கடலில் ஓடுகிற அறக்குளா, சூரை என்றால் பின்னுக்கு. கரையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் எறிய வேண்டும், அவ்வளவுதான். தோட்டக்காரப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒரு மாதம் பாடமாக்கினார்கள். இந்த உலகத்தில் எந்த வெள்ளைக்காரிக்கு ஒரா என்றால் என்னவென்று தெரியும் என்று கஜானிக்கு அத்தனை நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் சனிக்கிழமை காலையில் கிழிந்து போனது. திரளி என்று கத்தினாள், நோர்வேயின் ஐந்தாம் இலக்கக்காரி முன்னுக்கு வந்து எழும்பிப் பறித்தாள். அறக்குளா என்றாள், அதே ஐந்தாம் இலக்கக்காரி பின்னுக்கு ஓடினாள். தலையோடு ஒட்டிய கறுப்புக் கவசத் தொப்பி, மூக்கெல்லாம் புள்ளி, பூனைக் கண். ஆட்டம் பன்னிரண்டுக்கு ஏழு என்று தோல்வி.

"உவளுக்கு நோர்வேயிலை ஆக்கள் எல்லோ," என்றாள் கோபிகா, தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு. கோபிகா கஜானியின் ஊர்க்காரி, ஒன்றாகப் படித்தவள். வேறொன்றும் அவள் சொல்லவில்லை. சும்மா ஜெனிஸின் காலைப் பார்த்தாள். கஜானியும் பார்த்தாள். புத்தம் புதுச் சப்பாத்து, செம்மஞ்சள் நிறம், யாழ்ப்பாணத்துக் கடை எதிலும் கிடைக்காத சாமான்.

அந்தச் சப்பாத்தைக் காலையிலேயே கஜானி கண்டவள். சித்தப்பா அனுப்பினவர் என்று ஜெனிஸ் சொன்னபோது நல்லாயிருக்கு என்று தொட்டுப் பார்த்தவளும் அவள்தான். இப்போது அதே சப்பாத்து கண்ணைக் குத்தியது. மனிசருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் பிறகு கண்ணாடி போட்ட மாதிரித்தான், பார்க்கிறதெல்லாம் அந்த நிறத்தில்தான் தெரியும்.

மத்தியானம் சோற்றுப் பார்சல் வந்தது. எல்லாரும் வேப்பமரத்துக்குக் கீழே சுற்றி இருந்து சாப்பிட்டார்கள். ஜெனிஸைக் காணவில்லை. கஜானி கை கழுவுகிற சாட்டில் எழும்பிப் போனாள். கழுவுகிறதற்கு மைதானத்தின் இந்தப் பக்கமே பைப் இருந்தது, அவள் போனது அந்தப் பக்கம். மதிலோரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு ஜெனிஸ் நின்றாள். காதில் தொலைபேசி. கோட்டைப் பக்கத்துக் காற்று பாதிச் சொல்லைக் கொண்டு போய்விட்டது. மிச்சப் பாதி கஜானியின் காதில் தெளிவாக விழுந்தது. திரளி என்றாள். ஒரா என்றாள். விளைமீன் இரண்டு என்றாள். கொஞ்சம் பொறுத்து, அறக்குளா என்றாள்.

முன்னுக்கு, நடுவுக்கு, பின்னுக்கு என்று வரிசை பிசகாமல் ஒப்புவிக்கிறாளே பாவி என்று கஜானி பல்லைக் கடித்தாள். ஒரு மாதம் வெயிலில் நின்று பாடமாக்கினதெல்லாம் ஒரு சோடிச் சப்பாத்துக்குப் போய்விட்டது. அழுகையும் வந்தது அவளுக்கு. ஜெனிஸ் அவளுக்கு வெறும் அணிக்காரி இல்லை. இரண்டு வருடமாக எறிந்து பிடித்துப் பழகினவர்கள், சன்னிதித் திருவிழாவுக்கு இவள் அவளைக் கூட்டிப் போவாள், பாசையூர் அந்தோனியார் திருநாளுக்கு அவள் இவளைக் கூட்டிப் போவாள். அப்படிப்பட்டவள் செய்துபோட்டாளே என்பதுதான் சுட்டது. செய்தாளா என்று கேட்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

அதைப் பயிற்றுநர் பார்த்தீபன் சேர்தான் சொன்னார். அவர் அதிகம் கதைக்காத மனிதர், பெண்பிள்ளைகளுக்கு றக்பி பழக்குகிறார் என்று ஊர் முழுக்கக் கேட்ட பேச்சுக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டவர். கஜானி மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீர் அவளிட்டைக் கேட்டனீரோ?" என்றார்.

கேட்கிறேன் என்று போனாள். கேட்டாள் என்று சொல்ல முடியாது, விசாரித்தாள். யாரோடு கதைத்தாய் என்றாள். சித்தப்பாவோடு என்றாள் ஜெனிஸ். அவர் எங்கே இருக்கிறார் என்றாள். உனக்குத் தெரியும்தானே என்றாள் ஜெனிஸ். வாயால் சொல்லு என்றாள் இவள். நோர்வே என்றாள் அவள். என்ன கதைத்தாய் என்றாள் இவள். ஜெனிஸ் கஜானியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேப்பமரத்தடியில் சாப்பாட்டை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகள் எல்லாரையும் பார்த்தாள். விசயம் அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது.

"மீன்," என்றாள்.

நான் செய்யவில்லை என்று அழுதிருந்தால் கஜானி ஒருவேளை தடுமாறியிருப்பாள். ரோசக்காரி, அழவில்லை. அழாததையும் கஜானி குற்றக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

பின்னேர ஆட்டம் நேபாளத்தோடு. ஜெனிஸை வெளியில் இருத்தச் சொன்னாள் கஜானி. யோசித்துச் சொல்லும், மூன்று ஆட்டம் ஆடாவிட்டால் அவளுக்குப் பட்டியல் இல்லை என்றார் சேர். யோசித்தேன் என்றாள். அணியா ஒருத்தியா என்று பெரிய வசனமும் பேசினாள். அணித்தலைவி இல்லாமல் பத்துப் பேரை இறக்க முடியாது, அணித்தலைவி நம்பாத ஒருத்தியை வரிசையில் நிறுத்தவும் முடியாது. சேர் தலையைச் சொறிந்துவிட்டு ஜெனிஸின் பெயரை வெட்டினார்.

ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒரு இரகசியக் கூட்டம் நடந்தது. சங்கேதத்தை மாற்றினார்கள். இந்த முறை கடல் வேண்டாம், தோட்டம். நிலத்துக்குக் கீழே விளைகிற வெங்காயம், மரவள்ளி என்றால் முன்னுக்கு. செடியில் காய்க்கிற கத்தரி, மிளகாய் என்றால் நடுவுக்கு. பந்தலில் தொங்குகிற புடலை, பாகல் என்றால் பின்னுக்கு. தோட்டக்காரப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கவே தேவையில்லை, ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. இதை ஜெனிஸுக்கு யாரும் மூச்சுவிடக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினாள் கஜானி. ஆடுகிற நேரத்தில் சத்தம் கேட்கும்தானே என்று ஒருத்தி சொன்னாள். கேட்டால் என்ன, தூரத்தில் வாங்குப் பலகையில் இருக்கிறவளுக்கு எது எங்கே போகுது என்று கண்டுபிடிக்க முடியாது என்று சமாதானம் சொன்னார்கள். பாதுகாப்புக்கு, நேபாளத்தோடு எறிகிறபோது மெல்லச் சொல்லி எறிந்தாள்.

ஜெனிஸின் இடத்தில் கோபிகா எழும்பினாள். குள்ளம்தான், ஆனாலும் ஐந்துக்கு ஐந்தும் பிடித்தாள். பத்தொன்பதுக்கு ஐந்து என்று வெற்றி. கஜானிக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? மீன் பெயரையே கத்தியிருந்தாலும் நேபாளத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. நோர்வேக்குப் பந்து போனது, ஜெனிஸை நிறுத்தினோம், பந்து எங்களுக்கு வந்தது. நேர்கோடு போட்டு முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடித்துக்கொண்டு ஜெனிஸ் நேரத்துக்கு வந்துவிட்டாள். அதே சப்பாத்து, இறுக்கிக் கட்டிய நூல். வாங்கின் கடைசியில் போய் இருந்தாள். குற்றமில்லாதவள் என்றால் கோபித்துக்கொண்டு வீட்டில் நிற்பாளே, வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று கஜானி நினைத்தாள். வராமல் விட்டிருந்தால், குற்றமுள்ளவள்தானே முகம் காட்டமாட்டாள் என்று நினைத்திருப்பாள். இந்த நோய்க்கு எந்தப் பரியாரியிடமும் மருந்து இல்லை.

காலையில் நேபாளத்தை மறுபடி வென்றார்கள். ஜெனிஸ் இறங்கவில்லை. அத்தோடு அவளுடைய மூன்று ஆட்டக் கணக்கு முடிந்தது. விசில் ஊதியபோது கஜானி வாங்கைப் பார்த்தாள். ஜெனிஸ் கொட்டகைக்குள் இருந்த தெரிவாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு குனிந்து சப்பாத்து நூலை அவிழ்த்து, திரும்பவும் கட்டினாள்.

மத்தியானம் நோர்வே.

கஜானி இந்த முறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினாள். முதல் எறிதல். காற்று அடித்ததால் உரத்துக் கத்த வேண்டியிருந்தது. வெங்காயம் என்றாள். ஐந்தாம் இலக்கக்காரி கொஞ்சம் தயங்கினாள், பந்து கோபிகாவுக்கு வந்தது. கஜானிக்கு உச்சி குளிர்ந்தது. பாகல் என்றாள், அதுவும் வந்தது. மூன்றாவது முறை மரவள்ளி என்றாள். கறுப்புத் தொப்பி ஒரு எட்டு முன்னுக்கு வைத்து, எழும்பி, பறித்துக்கொண்டு போனது. அதிலிருந்து ஒரு ஐந்து புள்ளி. கத்தரி என்றாள், தொப்பி நடுவில் நின்றது. புடலை என்றாள், பந்து கையை விட்டுப் போகுமுன்னமே தொப்பி பின்னுக்கு ஓடிவிட்டது. அதிலிருந்து இன்னொரு ஐந்து.

ஜெனிஸுக்குத் தெரியாதே. சத்தியம் வாங்கினோமே. அப்படியானால் யார்? கஜானி கோபிகாவைப் பார்த்தாள், இவளா? தூக்குகிற இரண்டு பேரையும் பார்த்தாள். சேரைக்கூடப் பார்த்தாள், இந்த மனிதர் ஏன் ஒன்றும் பேசாமல் நிற்கிறார் என்று. இரண்டு நிமிடத்துக்குள் உலகத்தில் நம்புவதற்கு அவளுக்கு ஒருவரும் மிஞ்சவில்லை.

அந்தக் குழப்பத்தோடே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஐந்தாம் இலக்கக்காரி இடுப்பில் பிடித்து விழுத்தினாள். மேலே நாலைந்து பேர் வந்து விழுந்தார்கள். எழும்புகிற அவசரத்தில் ஐந்தாம் இலக்கக்காரியின் சப்பாத்து கஜானியின் விரல்களின் மேல் ஏறிவிட்டது. கஜானி அம்மா என்று முனகினாள்.

"ஐயோ அக்கா, கை நோகுதோ?"

கஜானி விரலை மறந்துவிட்டாள். அந்தப் பூனைக் கண்ணைப் பார்த்தாள். புள்ளி மூக்கைப் பார்த்தாள். தொப்பியின் ஓரத்தால் வெளியே வந்திருந்த முடி செம்பட்டைதான், சந்தேகமில்லை. வாயிலிருந்து வந்தது மட்டும் அச்சொட்டாக வடமராட்சித் தமிழ். அந்தப் பிள்ளையும் நாக்கைக் கடித்துக்கொண்டது, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட முகம். பந்து வேறு பக்கம் போக இரண்டு பேரும் ஓட வேண்டியதாயிற்று. ஆனால் கஜானி ஓடியது வெறும் காலால்தான், மனம் அந்த இடத்திலேயே விழுந்து கிடந்தது. திரளி, வெங்காயம், புடலை. இத்தனையையும் பொதுவெளியில் நின்று தன் வாயால் தானே கூவியது அவளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டது.

இடைவேளை இரண்டு நிமிடம். பத்துக்குப் பூச்சியம் என்று பின்தங்கியிருந்தார்கள். சேரிடம் ஓடி, ஜெனிஸை இறக்குங்கோ என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். "நான் பிழை விட்டிட்டன் சேர். உவள் செய்யேல்லை," என்றாள். வாங்கின் கடைசியில் இருந்த ஜெனிஸுக்கும் அது கேட்டது. அவள் எழும்பி நின்றாள். கட்டியணைக்கவில்லை, முறைக்கவும் இல்லை.

"தமிழ் விளங்குமே அவைக்கு?" என்றாள்.

"ஐஞ்சாம் நம்பருக்கு விளங்கும். எங்கடை ஆள்."

"அப்ப வாயை நம்பாதை," என்றாள் ஜெனிஸ். வள்ளத்தில் எஞ்சின் சத்தத்துக்குள் அப்பா விரலால்தான் சொல்லுவார் என்றாள். பந்தைப் பிடித்திருக்கிற இடது கையில் ஒரு விரல் தூக்கினால் முன்னுக்கு, இரண்டு என்றால் நடுவுக்கு, மூன்று என்றால் பின்னுக்கு. வாயில் வருகிற எதையும் கத்து, அவள் அதைக் கேட்டு ஓடட்டும் என்றாள். இவ்வளவையும் அரை நிமிடத்தில் எல்லாருக்கும் சொல்லி முடித்து, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினாள்.

கஜானி புடலை என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஐந்தாம் இலக்கக்காரி பின்னுக்குப் பாய்ந்தாள். பந்து முன்னுக்குப் போனது, அங்கே ஜெனிஸின் இரண்டு கையும் காத்திருந்தன. பிறகு திரளி என்று கத்திப் பின்னுக்கு எறிந்தாள். பிறகு மீனும் இல்லாமல் மரக்கறியும் இல்லாமல் தோசை என்று கத்தி நடுவுக்கு எறிந்தாள். அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. ஜெனிஸ் பிடித்த பந்துகளில் இரண்டு எல்லைக்கோட்டைத் தாண்டின, ஒன்றுக்குப் பிறகு அடித்த இரண்டு புள்ளி உதையும் சரிவந்தது. பன்னிரண்டுக்குப் பத்து. மொத்தப் புள்ளியில் வடக்கு அணி முன்னுக்கு வந்து இறுதி ஆட்டத்துக்குத் தெரிவானது.

சனம் உள்ளே ஓடி வந்தது. ஐந்தாம் இலக்கக்காரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு கஜானியிடம் வந்தாள். பெயர் மாரித் என்றாள். அப்பா தொண்டைமானாறு, அம்மா அந்த நாட்டுக்காரி. அப்பா அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை, வீட்டுக்குப் பின்னால் கண்ணாடிக் கொட்டில் போட்டுப் புடலையும் பாகலும் வளர்க்கிறவர். நேற்றுக் காலை முதலாவதாகத் திரளி என்ற சத்தம் கேட்டபோது அப்பா எங்கேயோ நின்று கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தாளாம். கரை மீன், ஆழ்கடல் மீன் என்று அப்பா பழக்கினதில் கணக்கு உடனே பிடிபட்டுவிட்டதாம். விசயத்தைச் சொன்னதும், ஆட்டம் முடியும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர்களுடைய பயிற்றுநர் சொல்லிவிட்டாராம். கோவிக்க வேண்டாம் அக்கா என்றாள். கோவிக்க என்ன இருக்கிறது, காது இருக்கிறவள் கேட்டாள்.

பின்னேரம் நாலு மணிக்குத் தெரிவாளர் ஒருவர் தாளை எடுத்து வாசித்தார். வடக்கிலிருந்து இரண்டு பேர். தம்பிஐயா கஜானி. அடுத்தது கோபிகா. கை தட்டினார்கள். கஜானி நேரே கொட்டகைக்குப் போனாள். சூசைதாசன் ஜெனிஸ் என்ற பெயரைச் சொன்னாள், அவளை நிறுத்தினது தான்தான், குற்றம் தன்னுடையது, அவளுடையது இல்லை என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். தெரிவாளர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பிள்ளையின் விளையாட்டைத் தான் குறித்து வைத்திருப்பதாகவும் சொன்னார், தாளைத் திருப்பிக் காட்டினார், பெயருக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் இருந்தது. ஆனால் ஆடியது ஒன்றரை ஆட்டம். விதி மூன்று. அடுத்த முறை என்றார். அடுத்த முறை அவளுக்கு வயது போய்விடும் என்றாள் கஜானி. அவர் தாளை மடித்தார்.

ஜெனிஸ் வேப்பமரத்தடியில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கஜானி போய் முன்னால் நின்றாள். மன்னிப்புக் கேட்க ஒரு வசனம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். அதற்குமுன் ஜெனிஸே தொடங்கினாள். சித்தப்பா முப்பது வருடமாக அங்கே என்றாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு விடிய, எங்களுக்கு மத்தியானமாகிறபோது எடுத்து, இன்றைக்குக் கரையில் என்ன பட்டது என்று கேட்பார். அப்பா ஏலம் கூறி விற்ற மீனையெல்லாம் இவள் வரிசையாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும் வரைக்கும் மனிதர் மறுபக்கத்தில் மூச்சுக் காட்டமாட்டார். அதைத்தான் நீ கேட்டாய் என்றாள்.

"முதலே சொல்லியிருக்கலாமே," என்றாள் கஜானி. சொன்ன பிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

ஜெனிஸ் கோபப்படவில்லை. சேறு உலர்ந்த சப்பாத்தை ஒன்றோடொன்று தட்டினாள்.

"உன்ரை மாமி எங்கை?"

"கனடா."

"கோபிகாவின்ரை அண்ணை எங்கை?"

கோபிகாவின் அண்ணை ஐந்து வருடமாக எங்கே இருக்கிறான் என்பது அச்சுவேலிச் சந்தையில் நிற்கிற மாட்டுக்கும் தெரியும். போன வருடம் கோபிகா போட்டு ஆடிய சப்பாத்தை அனுப்பியவனும் அவன்தான். தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு அந்தச் சொல்லைச் சொன்னவள் கோபிகா. அதைக் கேட்டு நம்பியவள் கஜானி. ஒரு கணமும் அவன் ஞாபகத்துக்கு வரவில்லை.

"நோர்வே," என்றாள் மெல்ல.

"பத்துப் பேர் நிண்டம். ஏன் என்னை மட்டும் கேட்டனி?"

பதில் கஜானிக்குத் தெரியும். நேற்றும் தெரிந்திருக்கும், தோண்டிப் பார்க்கவில்லை. வீட்டில் யாரும் சொல்லிக் கொடுத்த பாடம் இல்லை அது. கடற்கரைச் சனம் என்று பெரியவர்கள் ஒரு மாதிரி இழுத்துச் சொல்லுகிறதைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, தனக்கு அந்த எண்ணமே இல்லை என்று நம்பிக்கொண்டு வளர்ந்தவள் அவள். அந்தோனியார் திருநாளுக்குப் போய்வந்ததை வேறு அதற்குச் சாட்சியாக வைத்திருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு இரண்டு மூன்று வழி இருந்தது. தொலைபேசியில் கேட்டேன் என்று சொல்லலாம், சப்பாத்து என்று சொல்லலாம். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்காமல் சொன்னாள்.

"நீ குருநகர் எண்டபடியால்."

ஜெனிஸ் தலையை ஆட்டினாள்.

"ஓம். எனக்கு நேற்றே தெரியும். நீ வாயாலை சொல்லுவியோ எண்டு பாத்தனான்."

அவள் சப்பாத்தின் நூல் இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டு எழும்பினாள். கொழும்புக்குப் பஸ் எப்போது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி என்றாள் கஜானி. வருவாயா என்று கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

"வருவன்," என்றாள் ஜெனிஸ். "நீ எறி, நான் பிடிக்கிறன். விரலாலை காட்டு, அதுவே காணும். என்னோடை கதைக்க மட்டும் வராதை."

சொல்லிவிட்டு வெறுங்காலோடு மைதானத்தைக் குறுக்கறுத்து, கடற்கரை வீதிப் பக்கமாகக் குருநகருக்கு நடந்தாள். கஜானி வேப்பமரத்தடியில் நின்று அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் கோபிகா படம் எடுக்க வா என்று இரண்டு தரம் கூப்பிட்டாள்.